நோம்பிச் சேலை

எங்கள் வேதக்கோயிலுக்கு வெள்ளை என்றால் உயிர். சுவர் வெள்ளை, மணிக்கூண்டு வெள்ளை, ஞாயிற்றுக்கிழமை உள்ளே போகிறவர்களின் சேலையும் வேட்டியும் வெள்ளை. சந்தைக்குப் பிரசங்கம் செய்யப் போகிற மாட்டுவண்டியின் சட்டத்துக்குக்கூடச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மாடுகள் மட்டும் பிறந்த நிறத்தில் இருந்தன. அவற்றுக்கு ஞானஸ்நானம் கிடையாது என்பதால் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

நான் அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கினவள். இன்றைக்கும் அங்கேதான் போகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, இவள் விசுவாசத்தை விட்டுப்போனவள் என்று சொல்வதற்கென்றே சிலர் காத்திருப்பார்கள். விட்டுப்போகவில்லை, போகவும் மாட்டேன். நான் கோபித்துக்கொண்டு விட்டுக்கொடுக்க அது யாருடைய பாட்டன் சொத்தும் இல்லை.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப்பேர் அங்கே கல் சுமக்கப் போயிருந்தார்கள், என் அப்பாவும் போயிருந்தார். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாரம் ஒரு நாள் சந்தை கூடும். மஞ்சள், புகையிலை, கயிறு, கத்தரிக்காய், ராசிபுரத்திலிருந்து வருகிற சேலை மூட்டைகள், ஆடு மாடு என்று வெயில் ஏறுவதற்குள் புளியமரத்தடி நிரம்பிவிடும். அந்தப் புளியமரத்தடியில்தான் எங்கள் வெள்ளை வண்டியும் வந்து நிற்கும்.

வண்டியில் ஓர் ஆர்மோனியம் இருக்கும். பாயைப் போலச் சுருட்டி வைத்த பெரிய வர்ணப் படங்கள் இருக்கும். உபதேசியார் இருப்பார். பாதிரியாருக்குக் கீழே ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்கிறவருக்கு அந்தப் பெயர். வண்டிக்குப் பக்கத்தில் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு, எங்கள் பள்ளிக்கூடத்தையும் பெண்பிள்ளைகளின் விடுதியையும் நடத்திய வெள்ளைக்கார அம்மையார் உட்கார்ந்திருப்பார். ஊர் அவரைத் தொரசாணி என்றது. நாங்கள் அவர் முன்னால் அம்மையார் என்போம், அவர் அந்தப் பக்கம் போனதும் நாங்களும் தொரசாணி என்போம்.

பாட்டுக்குக் கூட்டம் நன்றாகக் கூடும். ஆர்மோனியம் நின்று பிரசங்கம் தொடங்கியதும் கரையத் தொடங்கும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு வேலை இருந்தது. இலவசமாகக் கொடுக்கிற சின்னப் புத்தகங்களை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்கள். அந்தக் காகிதத்தில் புகையிலை மடித்தால் ஈரம் ஏறாது. உபதேசியாருக்கு இது தெரியும். தெரிந்தும் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

கரைகிற கூட்டத்தை நிறுத்திவைக்க அவர் ஒரு வித்தை வைத்திருந்தார். அதற்குச் சாட்சி என்று பெயர். புதிதாகச் சபையில் சேர்ந்த ஒருவரைக் கந்தல் துணியில், பரட்டைத் தலையோடு வண்டிமேல் ஏற்றி நிறுத்துவார்கள். அவர் வாய் திறக்க வேண்டியதில்லை. அவர் முன்பு எப்படிக் கிடந்தார், அவரைப் பெற்றவர்கள் எப்படிக் குடித்துச் சீரழிந்தார்கள், எந்தக் கல்லைக் கும்பிட்டு எப்படி மோசம் போனார்கள் என்பதையெல்லாம் உபதேசியாரே உருக்கமாகச் சொல்வார். பிறகு அந்த ஆள் வண்டிக் கூண்டுக்குள் போய்க் கந்தலை அவிழ்த்துவிட்டு, வெள்ளை கட்டி, தலைவாரிக்கொண்டு வெளியே வருவார். உடனே ஆர்மோனியம். இதற்குக் கூட்டம் நிற்கும். கூத்தில் வேஷம் மாற்றிக்கொண்டு வருகிறவனைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கும்.

எனக்கு வயிறு எரிந்தது இந்த இடத்தில்தான். வண்டிமேல் நின்றவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை, அந்தச் சந்தைக்கு வருகிறவர்களின் அண்ணன் தம்பிகள். ஒரு முறை எங்கள் தெருக்காரர் ஒருவர் நின்றார். அவர் அப்பாவைத் திருடன் என்று உபதேசியார் சொன்னபோது, அவருடைய அண்ணன் ஒரு மேச்சேரி ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றிருந்தார். அப்பன் திருடன் என்றால் தானும் திருடன் மகன்தானே. ஆட்டை இழுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு தம்பி வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. சபைக்கு ஓர் ஆள் வந்தான் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரம் சொன்னார்கள். அண்ணனை இழந்தவனுக்காக யாரும் ஜெபிக்கவில்லை.

நான் வேதக்காரி ஆனது எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மா பண்ணையத்தில் நாற்று நடுகிறவள், களை எடுக்கிறவள். குடிசைக்குப் பின்னால் இருந்த துண்டு இடத்தில் கத்தரியும் கீரையும் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவாள். எழுத்துத் தெரியாது. விடுதி வேலியோரம் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே பெண்பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது அவள் காதில் விழுந்திருக்கிறது. மறுநாள் என்னைக் குளிப்பாட்டி, எண்ணெய் வைத்துத் தலை பின்னி, இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்த் தொரசாணி முன்னால் நிறுத்தினாள். இவளுக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டாள். யாரும் எங்களைத் தேடி வரவில்லை. யாரும் என்னைச் சாக்கடையிலிருந்து தூக்கவில்லை. அவள் நடந்து போனாள், கேட்டாள், வாங்கினாள்.

நான் ஞானஸ்நானம் வாங்கப்போகிறேன் என்றபோதும் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அங்கே சேர்ந்தபிறகு நம் வீட்டுச் சோற்றைத் தின்னக்கூடாது என்பார்களா என்றாள். அப்படியெல்லாம் இல்லை என்றேன். "அப்பறம் என்ன, போ" என்றாள். அவள் மாரியம்மனை விடவில்லை. நான் அவளை விடச் சொல்லவும் இல்லை.

விடுதியில் படிப்பு முடிந்து, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் பயிற்சிக்கு வெளியூருக்கு ஒரு பெண்ணை அனுப்பப்போவதாக அம்மையார் சொன்னார். எங்கள் விடுதியில் அதற்குத் தகுதியானவள் நான்தான் என்பது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பயிற்சி முடித்தால் சம்பளத்தோடு வேலை. அம்மா சேற்றில் இறங்க வேண்டியதில்லை, அப்பா கல் சுமக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் யாருக்கும் அதுவரை அப்படி ஒரு கதவு திறந்ததில்லை. நான் அதற்கு ஆசைப்பட்ட அளவுக்கு வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை.

அதற்கு ஒரே ஒரு வேலை பாக்கி என்றார் உபதேசியார். போகிறதற்கு முன்னால் நம் ஊர்ச் சந்தையில் ஒரு தடவை சாட்சியாக நிற்க வேண்டும். படித்த பெண் நின்றால் ஜனங்கள் மனசில் தைக்கும். உன் தாயாருடைய பழஞ்சேலை ஒன்றைக் கொண்டுவா.

நான் முடியாது என்றேன். என்னைப் பற்றி நானே சொல்கிறேன், வெள்ளையிலேயே நின்று சொல்கிறேன், யாரைப் பற்றியும் தாழ்வாகச் சொல்லத் தேவையில்லையே என்றேன். அவர் சிரித்தார். வெறும் வெள்ளையைப் பார்க்க யார் நிற்பார்கள் என்றார். அம்மையாரிடம் போய்ச் சொன்னேன். அவர் நான் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, தாழ்மை ஒரு நல்ல குணம் என்றார். பயிற்சிக்குப் போகிறவளிடம் அதைத்தான் அவர் எதிர்பார்க்கிறாராம். எனக்குப் புரிந்தது. சேலை கொண்டுவர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உபதேசியார் அதோடு விடவில்லை. தாமே எங்கள் குடிசைக்குப் போய் என் அம்மாவிடம் சேலை கேட்டிருக்கிறார். இங்கேதான் அவர் தவறினார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். வண்டிமேல் ஏறினால் எவரையும் எதையும் சொல்லக்கூடிய அந்த வாய், ஒரு பொம்பளையின் வாசலில் நின்றுகொண்டு, உன் வீட்டுக் கந்தல் ஒன்றைக் கொடு என்று கேட்கக் கூசிவிட்டது. உங்கள் மகள் சந்தையில் எல்லாருக்கும் முன்னால் நிற்கப்போகிறாள், அதற்கு நீங்கள் கட்டுகிற சேலை ஒன்று வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

மகள் ஊருக்கு முன்னால் நிற்கப்போகிறாள் என்றால் எந்தத் தாய் கந்தலைக் கொடுப்பாள்? அம்மாவிடம் இருந்தவை இரண்டே சேலைகள். ஒன்று தினம் கட்டுவது, முழங்கால் பக்கம் முழுக்க ஒட்டுப்போட்டது. இன்னொன்று அரக்குச் சிவப்பில் மஞ்சள் கரை போட்ட ராசிபுரத்துச் சேலை, மாரியம்மன் நோம்பிக்கு, அந்தத் திருவிழாவுக்கு மட்டும் கட்டுவது. பொங்கல் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தச் சேலையில் அவள் தெருவில் நடந்து போவதைப் பார்த்தால், நடவுக்குப் போகிறவள் இவள்தான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தச் சேலையைத்தான் அவள் எடுத்தாள். துவைத்து, கஞ்சி போட்டு, மடித்து, மடிப்புக்கு நடுவில் ஒரு கொத்து மருக்கொழுந்தும் வைத்து விடுதிக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

சந்தையன்று காலையில் அந்த மடிப்பைப் பிரித்த உபதேசியாரின் முகத்தை நான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது. மருக்கொழுந்து வாசனை வண்டி முழுக்கப் பரவிவிட்டது. அம்மா ஆசையோடு அனுப்பியதைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, பயிற்சி ஆசையும் விடவில்லை, இந்தச் சேலையில் என்றால் நிற்கலாம் என்று நினைத்தேன். அவர் சேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் ஒரு கிழிசல் இல்லை. வேறு பழந்துணி தேட நேரமும் இல்லை. கிணற்றடியில் கொஞ்சம் சேறு எடுத்து ஓரங்களில் பூசிக்கொள், தலையை அவிழ்த்துவிடு, தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது என்றார்.

என் அம்மா கஞ்சி போட்ட சேலையில் சேறா? சேறு பட்டால் இந்தச் சேலையைக் கட்ட மாட்டேன், வண்டியிலும் ஏற மாட்டேன் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"எங்கம்மாளப் பத்தியும் இப்பிடித்தான் இதே வண்டியில சொன்னாங்க. நானும் கந்தல் கட்டிக்கிட்டு நின்னேன். செத்தா போயிட்டேன்?" என்றார்.

"சாவலீங்க. ஆனா நீங்க இன்னும் அந்த வண்டிய உட்டு எறங்கலீங்க" என்றேன்.

சரி, அப்படியே கட்டிக்கொள், மீதியை நான் வாயால் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படச்சுருளை எடுக்கப் போனார். விடுதியில் எங்களுக்கு முன்கொசுவம் வைத்துக் கட்டத்தான் பழக்கியிருந்தார்கள். நான் அன்றைக்கு என் அம்மா கட்டுகிற மாதிரிப் பின்கொசுவம் வைத்துக் கட்டினேன். தலையை வாரி இறுக்கி முடிந்துகொண்டேன். மருக்கொழுந்தையும் செருகிக்கொண்டேன். செய்வதைத் திருந்தச் செய்துவிடுவோமே.

வண்டிமேல் ஏறி நின்றதும் கூட்டம் அண்ணாந்து பார்த்தது. பாட்டு முடிந்தது. அம்மையார் குடைக்குக் கீழே புன்னகையோடு தலையசைத்தார். உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு தம் பிரசங்கத் தமிழை எடுத்தார். இந்தப் பெண்ணைப் பாருங்கள், இவள் உடுத்தியிருக்கும் இந்தக் கந்தலைப் பாருங்கள் என்று தொடங்கினார். இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாய் அப்படியே பழகிவிட்டது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மஞ்சள் கரை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தவில்லை.

அப்போதுதான் நான் என் அம்மாவைப் பார்த்தேன். கத்தரிக்காய்க் கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, மகளைப் பார்க்க முன்வரிசைக்கு வந்து நின்றிருந்தாள். நல்ல சேலையை எனக்குக் கொடுத்துவிட்டதால் அவள் உடம்பில் இருந்தது மற்றது, ஒட்டுப்போட்டது. அவள் கண் என் முகத்தில்கூட இல்லை, சேலையில் இருந்தது. கொசுவம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாயெல்லாம் சிரிப்பு.

உபதேசியார் சொல்லிக்கொண்டே போனார். இவளைப் பெற்றவள் கள்ளுக்கு அடிமை. குடிக்கக் காசில்லாமல் இந்தக் குழந்தையை ஒரு கிழவனுக்கு விற்கத் துணிந்தவள். தெருவில் எறியப்பட்டுக் கிடந்த இவளை நாங்கள் கண்டெடுத்தோம். சந்தைக்காரர்களுக்கு என் அம்மாவைத் தெரியும். அவர்கள் முகங்கள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. ஒட்டுச்சேலையை மேலும் கீழும் பார்த்தன. அவளுக்கு அந்தப் பிரசங்கத் தமிழ் சரியாகப் புரியவில்லை. ஏன் எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல், மகள் மேலே நிற்பதால்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவர்களைப் பார்த்தும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"நிறுத்துங்க, உபதேசியாரே" என்றேன். பிறகு கூட்டத்தைப் பார்த்தேன். "இவரு சொல்றது எங்கம்மா இல்லீங்க. எங்கம்மா அதோ நிக்குது, உங்களுக்கெல்லாம் தெரியும். இந்தச் சேல அது நோம்பிக்குக் கட்டறது. எம்புள்ள நாலு பேரு முன்னால நிக்கோணும்னு ஊட்டுல இருந்த நல்லத எனக்குக் குடுத்துப்போட்டு, கிழிஞ்சதக் கட்டிக்கிட்டு வந்து நிக்குது. அது கள்ளும் குடிச்சதில்ல, என்னய ஆருக்கும் விக்கவுமில்ல. பள்ளிக்கொடத்துக்கு என்னய இடுப்புல தூக்கிக்கிட்டுப் போனதே அதுதானுங்க."

கூட்டத்துக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. சீழ்க்கை பறந்தது. வெள்ளை வண்டி மூக்குடைபட்டதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். முன்னால் நின்றிருந்த பண்ணையக்காரர், என் அம்மா நடவுக்குப் போகிற வயலுக்குச் சொந்தக்காரர், மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"உங்கூட்டுலதான் எல்லாம் நல்லா இருந்துதே. அப்பறம் எதுக்குப் புள்ள அங்க போயிச் சேந்த?"

நியாயமான கேள்வி. இத்தனை வருஷத்தில் எங்கள் வண்டியைப் பார்த்து யாரும் கேட்டிராத கேள்வி. வண்டிதான் யாரையும் கேட்க விட்டதில்லையே. நான் மனசில் இருந்ததைச் சொன்னேன்.

"எங்க சாமி, ஆரும் தொடாத சாதிப் பொம்பள கையில தண்ணி வாங்கிக் குடிச்சாருங்க. எனக்கு அதனால அவரப் புடிச்சுது. நீங்க எங்கம்மா கையில ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிப்பீங்களா?"

சீழ்க்கை நின்றது. பண்ணையக்காரர் மீசையிலிருந்து கையை எடுத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுச் சந்தைப் பக்கம் நடந்தார். கூட்டம் கரையவில்லை. ஆர்மோனியம் இல்லாமல், வேஷம் இல்லாமல், அவ்வளவு பேர் வாயடைத்து நின்றதை எங்கள் வண்டி அன்றைக்குத்தான் கண்டது. யாரும் உடனே வந்து ஞானஸ்நானம் வாங்கிவிடவில்லை. நான் அதற்காகச் சொல்லவும் இல்லை.

வெள்ளைச் சேலை கூண்டுக்குள் தயாராகத் தொங்கியது. நான் அதைத் தொடவில்லை. அப்படியே இறங்கிப் போய் அம்மா பக்கத்தில், கத்தரிக்காய்க் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சந்தை கலையும் வரை அங்கேயே இருந்தேன். நான் மேலே சொன்னதிலிருந்து அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டிருந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. வெகுநேரம் கழித்து, யோசித்து யோசித்துப் பார்த்தும் விடை கிடைக்காதவள் மாதிரிக் கேட்டாள்.

"எனக்குக் கள்ளு வாடையே ஆகாதே, கண்ணு. நான் குடிக்கறேன்னு அவிங்களுக்கு ஆரு சொன்னா?"

யாரோ தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்றே அவள் நினைத்தாள். இப்படி வேண்டுமென்றே இட்டுக்கட்டுவார்கள் என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை. எங்கள் வீட்டில் கள் குடித்தது அப்பாதான். அதுவும் அறுப்புக்கும் நோம்பிக்கும், அதற்கும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அம்மையார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சபையார் முன்னிலையில் வருத்தம் தெரிவித்துவிட்டால் பயிற்சிக்கு அனுப்புவதில் தமக்கு ஆட்சேபம் இல்லை என்றார். உபதேசியார் கூறியது பொதுவாகச் சொல்லப்படும் ஒரு வரலாறுதான், உன் தாயைக் குறித்ததல்ல என்று புத்தகத் தமிழில் விளக்கினார். அவரும் கெட்டவர் இல்லை. காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளின் பக்கத்தில் கண்விழித்து உட்கார்ந்திருந்தவர். அவருக்கு எங்கள் அம்மாக்களைத் தெரியாது, அவ்வளவுதான். தெரிந்துகொள்ளாமலே எங்களுக்கு அம்மாவாக இருந்துவிடலாம் என்று நினைத்தார்.

சந்தைக்கு வந்தவர்கள் பொதுவான தாய் யாரையும் பார்க்கவில்லை, என் தாயைத்தான் பார்த்தார்கள் என்றேன். வருத்தம் தெரிவிக்க வேண்டுமானால் அவளிடம் யாராவது தெரிவிக்கட்டும், நான் தெரிவிக்க மாட்டேன் என்றேன். பயிற்சிக்கு வேறொரு பெண் போனாள். நல்ல பெண்தான், அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. விடுதியிலும் எனக்கு இனி இடமில்லை என்றார்கள். நான் என் பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தேன். மறுவாரம் அம்மாவோடு நடவுக்குப் போனேன். கூலி வாங்கிக்கொண்டு சேற்றுக் காலோடு ஞாயிற்றுக்கிழமைக் கோயில் மணியைக் கேட்டபோது, இனி எந்த முகத்தோடு அங்கே போவது என்று தோன்றியது. ஆனாலும் போனேன். என்னை விடுதியிலிருந்துதான் அனுப்பினார்கள், கோயிலிலிருந்து அனுப்ப அவர்களுக்கு ஏது அதிகாரம்?

வெள்ளை கட்டிக்கொண்டு போகவில்லை. சிவப்புச் சேலையில் போனேன். அம்மாவே எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை வரிசைகளுக்கு நடுவே நான் ஒருத்தி அரக்குச் சிவப்பில் உட்கார்ந்திருப்பேன். மாரியம்மன் நோம்பி வந்தால் சேலை அம்மாவுக்கு, பொங்கல் பானையோடு போய்வரும். நோம்பி முடிந்ததும் துவைத்துக் கஞ்சி போட்டு என்னிடம் கொடுப்பாள், கிறிஸ்துமஸுக்கு அது என்னோடு கோயிலுக்கு வரும். அம்மன் கோயிலுக்குப் போன துணியோடு ஆலயத்துக்குள் வருவது தகாது என்று சபை மூப்பர் ஒருவர் சொல்லிப் பார்த்தார். துணியைத் துவைத்துத்தான் கட்டியிருக்கிறேன், உங்கள் மனசை நீங்கள் துவைத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். அதுவும் நல்லதாகத்தான் போயிற்று.

சில வருஷம் கழித்து, சேலத்தில் சர்க்கார் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. படித்து முடித்துப் போர்டு பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா ஆனேன். அம்மா நடவை விட்டாள், கத்தரிக்காயை மட்டும் விடவில்லை. வெள்ளை வண்டி வேறு வேறு சந்தைகளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. அங்கெல்லாம் யார் யாருடைய அம்மாவையோ கள் குடிக்க வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் ஊர்ச் சந்தையில் மட்டும் அதன்பிறகு யாரும் ஏறி நிற்கச் சம்மதிக்கவில்லை. தொரசாணி தம் தேசத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். உபதேசியாருக்குத் தலை நரைத்தது. என்னைப் பார்த்தால் குனிந்துகொண்டு போவார்.

உலகச் சண்டைக்காலத்தில், அரிசிக்கு வரிசையில் நின்ற ஒரு வருஷம், அம்மா காய்ச்சலில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை. அப்பாவுக்கு முன்னால், பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தாள். தெருப் பெண்கள் அவளைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசிவிட்டு, என்ன கட்டுவது என்று என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சிவப்புச் சேலையை எடுத்துக் கொடுத்தேன். பறை அடித்துக்கொண்டு போனார்கள். பாதையோரம், கூட்டத்தில் சேராமல், உபதேசியார் வெள்ளை வேட்டியோடு தனியே நின்றிருந்தார். சுடுகாடு வரை அவர் பின்னாலேயே வந்ததை நான் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்ட என்னிடம் வேறு சேலைகள் இருந்தன. வாத்தியாரம்மாவுக்குச் சேலைக்கா பஞ்சம்? நான் கொடியில் கிடந்த அம்மாவின் மற்ற சேலையை எடுத்தேன். சந்தையன்று அவள் கட்டியிருந்த அதே சேலை, இத்தனை வருஷத்தில் ஒட்டுக்கு மேல் ஒட்டு ஏறியிருந்தது. பின்கொசுவம் வைத்துக் கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். கந்தல் வேண்டும் என்றுதானே கேட்டார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

உபதேசியார் ஜெபம் முடித்துத் தலை நிமிர்ந்தார். அடுத்தது சாட்சி சொல்கிற நேரம். யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் கண் என் சேலையில் விழுந்தது. அந்த ஒட்டுகளை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், வண்டிமேல் நின்று அவற்றை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டுதானே அத்தனையும் சொன்னார். யாரையும் கூப்பிடாமல் கையிலிருந்த வேதப்புத்தகத்தை மூடினார். பின்வரிசைகளில் இருமல் கேட்டது. பிறகு பிரசங்கத் தமிழை விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற மாதிரி மெல்லச் சொன்னார்.

"எங்கம்மாளும் கள்ளுக் குடிச்சவ இல்லீங்க."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்து எந்தப் பாட்டு என்று தெரியாமல் ஆர்மோனியக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.